விவாகரத்து, குழந்தை யாரிடம் என்ற சண்டை: கோர்ட் படி ஏறாமல் பேசித் தீர்க்க முடியுமா?

ஆடிக் கிருத்திகைக்குக் குழந்தை யாரோட மலையேறும்? அம்மாவோடவா, அப்பாவோடவா?

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் பிரிந்து வாழும் பெற்றோருக்கு இதுதான் பெரிய சண்டை. ஓர் உதாரணம் பார்ப்போம். பெண்ணுக்குத் திருத்தணி, கணவருக்கு எல்லையைத் தாண்டி நகரி. ஒத்துவரவில்லை. மனைவி 7 வயது மகனோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். வழக்குப் போட்டால், “வாரம் ஒருமுறை அப்பா பார்க்கலாம்” என்று உத்தரவு வரலாம். எந்த பஸ் ஸ்டாண்டில், எத்தனை மணிக்கு, யார் கூட்டி வருவது? ஆந்திராவில் தசராவுக்கு நீண்ட லீவு, இங்கே பள்ளி லீவு வேறு நாளில். அப்போது என்ன செய்வது? இதையெல்லாம் பெற்றோர் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால்தான் முடிவு செய்ய முடியும். அதற்கான இடம்தான் சமரச மையம்.

சமரசம் என்றால் என்ன?

பயிற்சி பெற்ற ஒரு நடுநிலையாளர் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைப்பார். தேவைப்பட்டால் தனித்தனியாகவும் பேசுவார். ஆனால் தீர்ப்பு சொல்ல மாட்டார். முடிவு எடுப்பது கணவனும் மனைவியும்தான்.

திருத்தணிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ம.பொ.சி. போராடினார். கடைசியில் இரண்டு மாநிலங்களும் படாஸ்கர் என்ற நடுவரை ஏற்றுக்கொண்டன. அவர் பரிந்துரைப்படி 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. யாருக்கும் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் பேசி முடித்தது சட்டமானதால் நிலைத்தது. குடும்ப சமரசத்திலும் இதே வரிசைதான்: பேச்சு, எழுத்து, பிறகு கோர்ட் உத்தரவு.

ஊர்ப் பஞ்சாயத்தும் இதுவும் ஒன்றா?

இல்லை. பஞ்சாயத்தில் பெரியவர்கள் சொல்வதுதான் முடிவு, பேசுவது ஊருக்கே கேட்கும். சமரசத்தில் பேசுவது ரகசியம். அங்கே சொன்னதை வைத்துப் பின்னால் கோர்ட்டில் வாதாட முடியாது. பேச்சு முறிந்தால் ‘முடியவில்லை’ என்ற தகவல் மட்டும்தான் நீதிபதிக்குப் போகும்.

இன்னொரு முக்கியமான விஷயம். முத்திரைத்தாளில் ‘இனி எங்களுக்குள் சம்பந்தம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அது செல்லாது. திருமணத்தை ரத்து செய்ய கோர்ட் உத்தரவு வேண்டும். அதை நம்பி மறுமணம் செய்தால் சிக்கல்தான்.

எங்கே போவது? செலவு?

நீதிமன்ற வளாகத்திலேயே சமரச மையம் அமைத்ததில் தமிழ்நாடு முன்னோடி. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் 9-ல் தொடங்கியது. பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால், சமரசத்துக்கு அனுப்பச் சொல்லி நீதிபதியிடமே கேட்கலாம். குடும்ப வழக்குகளில் ஆரம்பத்திலேயே சமரசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கும் மையங்களில் உதவி மேசை வைக்கச் சொன்னது.

வழக்கே போடவில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண்: 15100. கோர்ட் அனுப்பும் சமரசத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. கணவர் ஆந்திராவில் இருந்தாலும், இந்து திருமணச் சட்டப்படி மனைவி தான் வசிக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே மனு போடலாம்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

‘அடிக்கடி பார்க்கலாம்’ என்று எழுதினால் அடுத்த மாதமே சண்டை வரும். விவரமாக எழுதுங்கள்:

- எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் குழந்தையைக் கூட்டிப் போய், திரும்ப விடுவது
- பொங்கல், ஆடிக் கிருத்திகை, உகாதி, கோடை லீவு யாரோடு. அடுத்த வருஷம் மாறுமா
- பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் தேதிக்குள்
- போன், வீடியோ கால் எந்த நேரத்தில்
- ஊர் மாறினாலோ பள்ளி மாற்றினாலோ எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும்

‘குழந்தைக்கு ஜீவனாம்சம் வேண்டாம்’ என்று அம்மா எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையின் உரிமையைப் பறிக்காது. குழந்தையின் நலன்தான் முதல் அளவுகோல் என்பதால், வளர வளரத் தேவை மாறினால் ஏற்பாட்டை மாற்றச் சொல்லி கோர்ட்டைக் கேட்கலாம். ஒப்பந்தம் கோர்ட் உத்தரவாகப் பதிவாகிவிட்டால், ஒருவர் மீறும்போது நிறைவேற்றக் கேட்டு மனு போடலாம். எல்லை தாண்டிப் போனாலும் அது செல்லும்.

சீக்கிரம் முடியுமா?

இந்து திருமணச் சட்டத்தில், ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பிறகு பரஸ்பர சம்மதத்தோடு மனு போடலாம். அதன்பின் 6 மாதக் காத்திருப்பு உண்டு. அந்த 6 மாதத்தை நீதிபதி தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மனு போடும் முன்பே பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும். சேர்த்து வைக்கும் முயற்சி பலிக்காமல், ஜீவனாம்சம், குழந்தை விஷயம் எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு என்றாலும் சமரச மையம் எல்லோருக்கும் பொதுதான்.

யாருக்கு இது சரிவராது?

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் ‘பேசித் தீர்த்துக்கோங்க’ என்பது தீர்வு அல்ல. பயந்து போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. அப்படி இருந்தால் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். எதிரில் உட்கார மாட்டேன் என்று சொல்லலாம், பாதியில் எழுந்தும் வரலாம். அவசர உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. சமரசத்துக்குப் போனதால் வழக்குப் போடும் உரிமை போய்விடாது.

கணவன், மனைவி உறவு முடியலாம். அம்மா, அப்பா உறவு முடியாது. மகனின் பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு பேரும்தான் போகணும். எனவே மையத்துக்குப் போகும் முன், குழந்தையின் ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.