குருந்து – எலுமிச்சையின் காட்டு உறவு

எலுமிச்சை என்றதும் கிணற்றடியும் ஈர மண்ணும் நம் நினைவுக்கு வரும். தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடிக்கு வரும் வழியிலோ உப்பளங்களும் சீமைக் கருவேலமுமே கண்ணில் படுகின்றன. ஆனால் மழையை மட்டுமே நம்பி, நம் கிழக்குக் கடற்கரைச் சமவெளியின் வறண்ட காடுகளிலும் கோயில் காடுகளிலும் வளரும் எலுமிச்சை இனம் ஒன்று உண்டு. அதுதான் குருந்து. காட்டு எலுமிச்சை என்றும் இதனைச் சொல்வர். இலங்கையிலும் இது வளர்கிறது.

குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் இடம்பெற்ற மரம் இது. ஆவுடையார்கோயிலின் தல மரமும் இதுவே. தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் 'அடலாண்டியா மோனோஃபில்லா'. அடலாண்டா என்பவள் கிரேக்கக் கதையில் வரும் ஓட்டக்காரி. பொன் ஆப்பிள்களுக்கு ஆசைப்பட்டுப் பந்தயத்தில் தோற்றவள். 'மோனோஃபில்லா' என்றால் ஒற்றை இலை. உறவினர்களான வில்வத்திற்கு மூன்று சிற்றிலைகள். விளாவுக்கு அதனினும் மிகுதி. குருந்துக்கு ஒன்றே.

இது எலுமிச்சைக்கு உறவுதானா என்று நீங்களே சோதிக்கலாம். ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஊசியால் குத்தினாற்போல ஒளிப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் மணம் வீசுவது அவற்றால்தான். இலையின் நுனி சற்றே உள்வாங்கியிருக்கும். கிளைகளில் முள் உண்டு. பூ வெள்ளை, நறுமணமுடையது. கோலிக்குண்டு அளவான பழத்தைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் நான்கு சுளைகள் இருக்கும். சாறு சொற்பமே, பிழிந்து குடிக்க முயன்றால் ஏமாந்து போவீர்கள்! ஊறுகாய்க்கு நன்றாயிருக்கும்.

பழத்திலிருந்து எடுக்கும் எண்ணெயை வாதவலிக்கு மேற்பூச்சாகப் பயன்படுத்துவது பழைய வழக்கம். மரம் மஞ்சள் நிறமானது, நெருங்கிய இழையுடையது, மிகக் கெட்டியானது. கைப்பிடிகளுக்கும் கடைசல் வேலைக்கும் ஏற்றது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இதன் இலையைத் தின்று வளர்கின்றன.

சீனத்தில் இதற்கு ஒரு தங்கை உண்டு: அடலாண்டியா பக்சிஃபோலியா. அது உப்பு மண்ணைத் தாங்கும். அதன்மேல் எலுமிச்சை இனங்களை ஒட்டுக்கட்டியும் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். தங்கைக்குள்ள குணம் நம் குருந்துக்கும் இருக்கும் என்று அப்படியே கொள்ள இயலாது. சோதித்துத்தான் அறிய வேண்டும். சோதிக்க மரம் இருக்க வேண்டுமே! மெல்ல வளரும் இம்மரத்தை விறகுக்கு வெட்டிவிட்டால் மீண்டும் தலையெடுக்க வெகு காலமாகும். சீமைக் கருவேலத்தை ஒழிக்கப் பொக்லைன் இயந்திரத்தை இறக்கும்போதும் முள்ளுள்ளதெல்லாம் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். சீமைக் கருவேலத்தின் இலை சிறு சிறு இலைகளாகப் பிரிந்தது. குருந்தின் இலை ஒற்றை. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே போதும், பல மரங்கள் பிழைக்கும்.

வளர்க்க விரும்புவோர் பழுத்த பழத்தின் விதையைக் கழுவி, காயவிடாமல் உடனே விதைப்பது நல்லது. இக்குடும்பத்தில் பல விதைகள் உலர்ந்தால் முளைப்புத் திறன் குன்றும். நாற்றுப் பையில் செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, அரை நிழலில் வையுங்கள். கன்று தேறியபின் ஐப்பசி மழையில் நடலாம். முதல் இரண்டு கோடைகளுக்கு மட்டும் நீர் விட்டு, ஆடு கடிக்காமல் காக்க வேண்டும். நெருக்கி நட்டால் நாளடைவில் அதுவே தோட்டத்துக்கு முள்வேலியாகிவிடும்.