சட்னி, சாம்பார் சொல்லாம ‘இட்லி’யைச் சொல்ல முடியுமா? வார்த்தை விளையாட்டில் மூளைக்கு என்ன வேலை?

கையில் இருக்கும் சீட்டில் ‘இட்லி’ என்று எழுதியிருக்கிறது. நண்பர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் சட்னி, சாம்பார், மாவு, ஆவி, காலை என ஐந்து வார்த்தைகளைச் சொல்லவே கூடாது. நேரம் ஓடுது. வாயைத் திறந்தா ‘சட்னி’தான் வருது! கடைசியில் பொறி தட்டுகிறது: “காய்ச்சல் வந்தா எதைச் சாப்பிடச் சொல்வாங்க?” அறையே ‘இட்லி!’ என்று கத்துகிறது.

அமெரிக்காவில் 1989-ல் வெளியான ‘டேபூ’ விளையாட்டின் அடிப்படை இதுதான்.

அந்த நொடியில் என்ன நடக்குது?

‘இட்லி’யைப் பார்த்ததும் அதோடு தொடர்புள்ள வார்த்தைகள் மனதில் வரிசை கட்டும். முதலில் வருவதை அடக்கிவிட்டு, வேறொன்றைத் தேட வேண்டும். இப்படி அடக்குவதில், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. தேடுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஞாபக மறதிப் பரிசோதனையில், ‘ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்வீர்கள்?’ என்று டாக்டர்கள் கேட்பது இந்தத் திறனை அறியத்தான்.

‘இதுகூடவா தெரியல?’

க்ளூ கொடுப்பவருக்கு வரும் கோபம் இது. 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். ஒருவர் பாட்டின் தாளத்தை மேஜையில் தட்ட வேண்டும். இன்னொருவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். ஆனால் 120 முறை தட்டியதில் கண்டுபிடித்தது மூன்றே மூன்று!

தட்டுபவரின் மண்டைக்குள் பாட்டு ஓடுது. எதிரில் இருப்பவருக்கு வெறும் ‘டக் டக்’ சத்தம்தான். ஆபீஸ் மீட்டிங்கிலும் இதே கதைதான். ஆனால் அங்கே எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். விளையாட்டில், புரியலைன்னா உடனே தெரிஞ்சிடும். அடுத்தவர் இடத்தில் இருந்து யோசிக்க இது நல்ல பயிற்சி.

அப்போ மறதியே வராதா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூளைப் பயிற்சி விளையாட்டு ஆப்பான ‘லுமோசிட்டி’, வயதானால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்ற ரீதியில் விளம்பரம் செய்தது. போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுக்க, 2016-ல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்தச் சம்மதித்தது.

65 வயதைத் தாண்டிய 2,832 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. ஞாபகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு ஞாபகமும், வேகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு வேகமும் கூடியது. ஒன்றில் எடுத்த பயிற்சி மற்றதைக் கூட்டவில்லை. அதாவது, எதைப் பழகுறோமோ அதுதான் கைக்கு வரும்.

அதனால் மருந்தாக நினைக்காமல், ஆட்டமாகவே ஆடலாம். அடுத்த முறை பாட்டியையும் டீமில் சேர்த்துக்குங்க. மெசேஜ், போன், குரூப் என்று சொல்லாமல் ‘வாட்ஸ்அப்’பை அவங்களுக்குப் புரிய வைங்க பார்ப்போம்!