விழுங்கினாலும் சாகாத கிருமி!

அவிநாசியில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கதை இது. குளத்தில் குளித்த சிறுவனை முதலை விழுங்கிவிட்டது. சில ஆண்டுகள் சென்றன. சுந்தரர் வந்து பதிகம் பாடினார். முதலை அந்தப் பிள்ளையை உயிரோடு கரையில் உமிழ்ந்தது!

விழுங்கப்பட்டும் சாகாதது இன்னொன்றும் உண்டு. அதுதான் தொழுநோய்க் கிருமி.

1873-ம் ஆண்டில் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் இதைக் கண்டுபிடித்தார். ஆகவே, தொழுநோய் பாவத்தின் சம்பளம் அல்ல. மற்ற நோய்களைப் போல இதுவும் ஒரு கிருமியால் வருவதுதான்.

கட்டளை வரவில்லை

நம் உடலில் காவல்கார அணுக்கள் இருக்கின்றன. கிருமி நுழைந்தால் பிடித்து விழுங்கும். ஆனால் விழுங்கியதைக் கொல்வதற்குக் கட்டளை வர வேண்டும். கட்டளை கொண்டு வரும் தூதன் ஒரு புரதம். 'இண்டர்பெரான் காமா' என்பது அதன் பெயர். ஒரு வகை வெள்ளை அணுக்கள் அதைச் சுரக்கின்றன.

பெரும்பாலோருக்கு இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது. அதனால் கிருமி நுழைந்தாலும் நோய் வருவதில்லை. சிலருக்கு மட்டும் தூதன் வருவதில்லை. காவல்கார அணு, கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. உள்ளே கிருமி பெருகுகிறது!

ஊசியில் வந்த தூதன்

அந்தத் தூதனை ஊசி மூலம் அனுப்பினால் என்ன?

அமெரிக்காவில் ராக்பெல்லர் பல்கலைக் கழக விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். நோயாளிகளின் தோலில் இந்தப் புரதத்தைச் சிறிதளவு செலுத்திப் பார்த்தார்கள். முதல் முடிவு 1986-ல் வெளிவந்தது. 1989-ல் வெளியான அடுத்த ஆராய்ச்சியில் இந்திய டாக்டர்களும் பங்கு கொண்டார்கள். தில்லியைச் சேர்ந்த டாக்டர் இந்திரா நாத் ஒருவர். முன்பு வேலூரை அடுத்த கரிகிரி ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் ஜாப் மற்றொருவர்.

ஊசி போட்ட இடத்தில் வெள்ளை அணுக்கள் திரண்டன. கிருமிகள் குறைந்தன!

ஆனால் ஒரு சங்கடமும் வந்தது. தொடர்ந்து ஊசி போட்டபோது பலருக்குக் காய்ச்சலும், வலியோடு சிவந்த கட்டிகளும் கண்டன. காவல்காரனைத் தட்டி எழுப்பினால் அவன் வீட்டையும் சேர்த்து அடிக்கிறான்! அதனால் இந்த ஊசி வழக்கமான வைத்தியமாக வரவில்லை.

இன்றைய மருந்து

கவலை வேண்டாம். கூட்டு மருந்து மாத்திரைகள் இருக்கின்றன. 1982-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த முறை இது. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் நீங்கிவிடும்.

நோய் ஒழிந்துவிடவில்லை. 2022-23-ல் இந்தியாவில் சுமார் 1 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

பனியன் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவருக்குக் கை சுட்டும் தெரியவில்லையா? உடம்பில் வெளுத்த தேமல் இருந்து, அதைக் கிள்ளினால் உணர்ச்சி இல்லையா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

"வெளியே தெரிந்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமே!" என்று மறைக்கிறவர்கள் உண்டு. மறைத்தால் நரம்பு கெடும், விரல் மடங்கும். பிறகு மாத்திரை கிருமியைக் கொல்லும்; போன உணர்ச்சி எளிதில் திரும்பாது.

முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்கச் சுந்தரர் வர வேண்டியிருந்தது. இந்த நோயிலிருந்து மீள, நாமே ஆஸ்பத்திரி வரை நடந்தால் போதும்.