முப்பது தாலந்து பொன்

கி.மு. 701இல் யூதா நாட்டு அரசன் எசேக்கியா, அசீரியப் பேரரசன் சனகெரிப்புக்குக் கப்பம் கட்டினான். கொடுத்தவர் வீட்டுக் கணக்கும் நமக்குக் கிடைத்திருக்கிறது. வாங்கியவர் வீட்டுக் கணக்கும் கிடைத்திருக்கிறது. கொடுத்தவர்கள் எழுதியது பைபிளில், இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: வெள்ளி 300 தாலந்து, பொன் 30 தாலந்து. வாங்கியவன் களிமண்ணில் எழுதிச் சுட்டு வைத்தான்: பொன் 30 தாலந்து, வெள்ளி 800 தாலந்து. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 30 கிலோ.

பொன்னின் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. வெள்ளிக் கணக்கு இடிக்கிறது. பழைய நூல்களை அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வாளர்களுக்கு இந்த இரண்டுமே பொக்கிஷம்தான். பொருந்தும் எண், நிகழ்ச்சி நடந்தது என்கிறது. பொருந்தாத எண், இரண்டு கைகள் தனித்தனியே எழுதின என்கிறது. எல்லாமே அப்படியே பொருந்தியிருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதிவிட்டார்களோ என்ற ஐயம்தான் மிஞ்சும்.

அசீரியர் எழுதிய அந்தக் களிமண் ஏட்டின் நகல் ஒன்றை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம். ஆறு பட்டைகள் கொண்ட சிறு தூண் அது. உயரம் 38 செ.மீ. 1830இல் நினிவே மண்மேட்டில் கிடைத்தது. கர்னல் டெய்லர் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கைக்கு வந்ததால் ‘டெய்லர் பட்டகம்’ என்று பெயர். எழுதப்பட்ட ஆண்டு கி.மு. 691. ஆறு முகங்களிலும் ஆப்பெழுத்து, நெல்மணிகளைப் பதித்தது போல நெருக்கமாக ஓடுகிறது. கிடைத்த காலத்தில் அதைப் படிக்க ஆளில்லை. பிறகு எழுத்தின் முடிச்சு அவிழ்ந்தபோது, அக்காடிய மொழியில் ‘யூதா நாட்டு எசேக்கியா’ என்ற பெயர் எழுந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் மட்டுமே கேட்டிருந்த ஒரு பெயரை எதிரியின் ஏட்டில் கண்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

சனகெரிப் சொல்வது இதுதான். எசேக்கியா பணியவில்லை. அவனுடைய அரண் சூழ்ந்த நகரங்களில் 46ஐப் பிடித்தேன். 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்தேன். அவனை எருசலேமுக்குள், கூண்டில் பறவையை அடைப்பது போல அடைத்துவைத்தேன். பிறகு அவன் கப்பத்தை நினிவேக்கு அனுப்பினான். இதற்குப் பின்னே ஒரு நீண்ட பட்டியல்: பொன், வெள்ளி, யானைத் தந்தம் பதித்த கட்டில்கள், பாடகர், பாடகியர், எசேக்கியாவின் சொந்த மகள்கள்.

பட்டியலை வாசித்து முடித்ததும் ஒரு குறை உறுத்துகிறது. ஊர்களைப் பிடித்ததையும் மன்னர்களை இழுத்துவந்ததையும் சலிக்காமல் எழுதும் பேரரசன், எருசலேமைப் பிடித்தேன் என்று சொல்லவே இல்லை. அடைத்தேன் என்கிறான், திறந்தேன் என்கிற பேச்சைக் காணோம். எந்தக் காரணத்தால் திரும்பிப் போனான் என்பதும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பைபிள் தன் கதையை வைக்கிறது: இரவில் கர்த்தருடைய தூதன் வந்தான், அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேர் மடிந்தார்கள், சனகெரிப் ஊர் திரும்பினான். தூதன் வந்ததை எந்த மண்வெட்டியும் தோண்டி எடுக்க முடியாது. அது விசுவாசத்தின் எல்லை. ஆனால் எருசலேம் விழவில்லை என்பதில் இரண்டு தரப்பும் ஒன்றுபடுகின்றன. ஒரு தரப்பு பாடிச் சொல்கிறது, மறுதரப்பு பேசாமல் சொல்கிறது.

பைபிளும் சிலவற்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. எக்ரோன் என்ற பெலிஸ்திய நகரத்தின் அரசன் பாதி என்பவனை அவனுடைய குடிகளே விலங்கிட்டு எசேக்கியாவிடம் ஒப்படைத்தார்கள் என்றும், தான் அவனை மீட்டுத் திரும்ப அரியணையில் உட்காரவைத்ததாகவும் சனகெரிப் எழுதுகிறான். எசேக்கியா அண்டை நாட்டு அரசனையே சிறைவைத்திருந்தான் என்ற செய்தி பைபிளில் கிடையாது. பெலிஸ்தியரைக் காசா வரைக்கும் முறியடித்தான் என்ற ஒரு வரியோடு சரி. பாதி என்று ஒருவன் உண்மையில் இருந்தானா? 1996இல் எக்ரோன் அகழாய்வில் ஐந்து வரிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. கோயில் கட்டிய எக்ரோன் அரசன் தன் தகப்பன் பெயராக அதில் பொறித்திருப்பது ‘பாதி’.

ஆக, எதிரியின் ஏடு பைபிளை நிரப்புகிறது, பைபிள் எதிரியின் ஏட்டை நிரப்புகிறது. இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு கல்வெட்டு வந்து சாட்சி சொல்கிறது.

இன்னும் நுட்பமான வேலை பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. இதே படையெடுப்பு அங்கே மூன்று இடங்களில் வருகிறது: 2 இராஜாக்கள் 18, 19, ஏசாயா 36, 37, 2 நாளாகமம் 32. முதல் இரண்டும் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. ரப்சாக்கே என்ற அசீரிய அதிகாரி மதிலுக்கு வெளியே நின்று, மக்களுக்கும் புரியட்டும் என்று யூத மொழியிலேயே மிரட்டும் காட்சி இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் மூன்று வசனங்கள் காணாமல் போயிருக்கின்றன. இராஜாக்கள் புத்தகத்தில் 14, 15, 16ஆம் வசனங்கள்: எசேக்கியா பணிந்து ஆளனுப்புகிறான், கப்பம் விதிக்கப்படுகிறது, ஆலயக் கதவுகளில் தான் முன்பு அடித்திருந்த பொன்தகட்டைத் தானே பெயர்த்துக் கொடுக்கிறான். ஏசாயா புத்தகத்தில் இந்த மூன்றும் இல்லை. நாளாகமத்திலும் இல்லை. அந்த முப்பது தாலந்து பொன், எதிரியின் களிமண்ணில் பத்திரமாக இருக்கிறது. சொந்தக்காரரின் மூன்று நூல்களில் ஒன்றில்தான் தங்கியிருக்கிறது.

காரணம் என்ன? நம் ஊரில் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு ஒரு பழைய எதிரி உண்டு: பெயர்த்தெழுதுபவரின் கண். ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு அடிகள் அருகருகே இருந்தால், முதல் அடியை எழுதிவிட்டு நிமிர்ந்த கண் மறுபடி ஏட்டில் குனியும்போது இரண்டாவதில் போய் விழும். நடுவில் இருப்பது உதிர்ந்துவிடும். எபிரேய மூலத்தில் 14ஆம் வசனமும் 17ஆம் வசனமும் ‘அனுப்பினான்’ என்ற ஒரே சொல்லில்தான் தொடங்குகின்றன. எசேக்கியா அனுப்பினான், அசீரிய ராஜா அனுப்பினான். ஏசாயாவை எழுதிய கை இங்கே தாவியிருக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் என் மனம் அதில் முழுதாக ஒப்பவில்லை. இன்னொரு தடயம் இருக்கிறது. அந்த மூன்று வசனங்களில் அரசனின் பெயர் ‘ஹிஸ்கிய்யா’ என்று குறுகிய வடிவில் வருகிறது. 17ஆம் வசனம் தொடங்கியதும் ‘ஹிஸ்கிய்யாஹு’ என்று நீள்கிறது. நடையும் மாறுகிறது. கப்பப் பகுதி கணக்கப்பிள்ளை எழுதியதுபோலச் சுருக்கமாக இருக்கிறது. அடுத்த பகுதி பேச்சு, ஜெபம், தீர்க்கதரிசனம் என்று விரிகிறது. 1886இலேயே பெர்ன்ஹார்ட் ஸ்டாடே என்ற ஜெர்மானிய அறிஞர் இங்கே இரண்டு மூலங்கள் தைக்கப்பட்டிருக்கின்றன என்று காட்டினார். ஒன்று அரண்மனைப் பதிவேடு போன்றது, மற்றொன்று பக்தர்களிடையே வழங்கிய கதை. அப்படியானால் ஏசாயா புத்தகத்துக்குள் கப்பத்தின் கதை சேராமலே இருந்திருக்கலாம். தையல் தெரியும் இடத்தில் ஒரு பெயரின் வால் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான் துப்பு. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, பொறுமையான கண் போதுமாக இருந்தது.

நாளாகமம் எழுதியவரின் நோக்கம் வேறு. பல தலைமுறைகளுக்குப் பின், பாபிலோனியச் சிறையிருப்பு முடிந்து திரும்பிய மக்களுக்காக எழுதியவர் அவர். அவருக்கு எசேக்கியா பணிந்து நிற்பது பிடிக்கவில்லை. மதிலை உயர்த்தினான், ஊருக்கு வெளியே ஓடிய ஊற்றுகளைத் தூர்த்தான், மக்களைத் திடப்படுத்தினான் என்று எழுதுகிறார். அந்த நீர் வேலைக்கு எருசலேமில் சாட்சி இருக்கிறது. பாறைக்குள் குடைந்த 533 மீட்டர் சுரங்கம். இரண்டு முனைகளிலிருந்தும் தோண்டி வந்த ஆட்கள் நடுவில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்ததை அதன் சுவரில் பொறித்திருந்தார்கள். 1880இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. அதில் அரசன் பெயர் இல்லை. தோண்டியவர்களின் மகிழ்ச்சி மட்டும் இருக்கிறது.

லாகீஸ் என்ற ஊரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். சனகெரிப் லாகீசில் பாளயமிறங்கியிருந்தபோதுதான் எசேக்கியா அவனிடம் ஆளனுப்பினான் என்கிறது பைபிள். பட்டகத்தில் லாகீஸ் என்ற பெயரே கிடையாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லேயார்ட் என்பவர் நினிவேயில் சனகெரிப்பின் அரண்மனையைத் தோண்டியபோது, ஓர் அறையின் சுவர் முழுவதும் ஒரே போரின் புடைப்புச் சிற்பமாக இருந்தது. மதிலுக்கு மேட்டுப்பாதை கட்டி ஏறுகிறார்கள், இடிபொறி மோதுகிறது, மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன, பொறி எரிந்துவிடாமல் ஒரு வீரன் நீண்ட அகப்பையால் நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். தட்டுமுட்டுச் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றி, குழந்தைகளை மேலே உட்கார வைத்து மக்கள் வெளியேறுகிறார்கள். அரியணையில் இருக்கும் அரசனின் அருகே, இது லாகீசின் கொள்ளைப் பொருள் என்று அறிவிக்கும் எழுத்து. ஏடு மறைத்ததைச் சுவர் சொல்லிவிட்டது.

பிறகு லாகீஸ் மண்மேட்டிலேயே டேவிட் உசிஷ்கின் 1973 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அகழாய்வு நடத்தினார். சிற்பத்தில் இருக்கும் அதே மேட்டுப்பாதை, ஆயிரக்கணக்கான டன் கல்லாக அங்கே கிடந்தது. உள்ளேயிருந்தவர்கள் எதிராகக் கட்டிய மேடும், நூற்றுக்கணக்கான அம்புமுனைகளும், கவண்கற்களும் கிடைத்தன. நூல், சுவர், மண் என மூன்றும் ஒரே நாளைச் சொல்கின்றன.

கிரேக்க மொழியில் ஒரு தூரத்து எதிரொலியும் உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எகிப்தில் கேட்ட கதை: சனகெரிப்பின் படை எகிப்தின் எல்லையில் இறங்கிய இரவில் வயல் எலிகள் கூட்டமாக வந்து அம்பறாத்தூணிகளையும் விற்களையும் கேடயப் பிடிகளையும் கடித்துத் தின்றுவிட்டன, காலையில் படை ஓடியது. எலி என்றால் கொள்ளைநோய், ஆகவே தூதன் அடித்ததும் நோய்தான் என்று இரண்டையும் முடிச்சுப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் ஹெரோடோட்டசின் கதையையும் எடுத்துக்காட்டி, எருசலேமில் விழுந்தது கொள்ளைநோய் என்று எழுதினார். ஒப்பீடு அவ்வளவு பழைய கலை. ஆனால் இந்த முடிச்சை நான் ஏற்கமாட்டேன். இடம் வேறு, காலம் கடந்துபோய்க் கேட்ட கதை, எலிகள் தின்றது தோலையும் நாணையும். அதில் நோயைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒத்திருப்பவை எல்லாம் உறவாகிவிடாது.

உண்மையான உறவு எப்படி இருக்கும் என்பதற்குச் சனகெரிப்பின் சாவைப் பாருங்கள். பைபிளில் அவன் நினிவேக்குத் திரும்பிய அடுத்த வசனத்திலேயே, நிஸ்ரோகு என்ற தெய்வத்தின் கோயிலில் அத்ரமலேக், சரேத்சேர் என்ற மகன்கள் அவனை வெட்டுகிறார்கள். எசரத்தோன் பட்டத்துக்கு வருகிறான். உண்மையில் நடுவே இருபது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. கொலை நடந்தது கி.மு. 681இல். நிஸ்ரோகு என்ற தெய்வத்தை அசீரிய ஏடுகளில் காண முடியவில்லை. பாபிலோனிய நாளேடு, மகன் கொன்றான் என்று மட்டும் சொல்லிப் பெயரை விடுகிறது. அத்ரமலேக் என்ற பெயர் வெறும் கற்பனைதானோ என்றுகூடத் தோன்றும்.

1980இல் ஃபின்லாந்து அறிஞர் சிமோ பர்போலா, சிதைந்த ஓர் அசீரியக் கடிதத்தைத் திரும்பப் படித்தார். ஏற்கெனவே அச்சான கடிதம்தான்; யாரும் அதன் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கவில்லை. அதில் ஒருவன் சதியை அறிந்து, அரசனிடம் சொல்ல வேண்டும் என்று முறையிடுகிறான். அதிகாரிகள் அவன் முகத்தைத் துணியால் மூடி அழைத்துப்போய் நிறுத்தி, இதோ அரசன், சொல் என்கிறார்கள். உம்முடைய மகன் அர்தா முல்லிசு உம்மைக் கொல்லப் போகிறான் என்று அவன் சொல்கிறான். துணியை விலக்குகிறார்கள். எதிரே இருப்பவன் அரசன் இல்லை, அர்தா முல்லிசு. விசாரித்துவிட்டு அவனைக் கொன்றுவிடுகிறார்கள்.

அர்தா முல்லிசு என்ற அசீரியப் பெயர் எபிரேயரின் செவியிலும் எழுத்திலும் புகுந்து அத்ரமலேக் ஆகியிருக்கிறது. பாபிலோனிய நாளேடு விட்ட பெயரை, எதிரி நாட்டின் வேதப் புத்தகம் கொஞ்சம் நெளிந்த வடிவில் 2600 ஆண்டுகளாகச் சுமந்து வந்திருக்கிறது.

லாகீஸ் சிற்பத்தில் அரியணைமேல் இருக்கும் சனகெரிப்பின் முகத்தைப் பழங்காலத்திலேயே யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். அவனுடைய கணக்கு மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது. வீட்டில் தமிழ் வேதாகமம் இருந்தால் 2 இராஜாக்கள் 18இல் 13 முதல் 17 வரை ஒருமுறை வாசியுங்கள். பிறகு ஏசாயா 36இன் முதல் இரண்டு வசனங்களை அதன் பக்கத்தில் வையுங்கள். அந்த முப்பது தாலந்து எங்கே மறைகிறது என்பதை உங்கள் விரலே தொட்டுக் காட்டும்.