விவசாயம் படித்தவருக்கு ஆபீசில் என்ன வேலை?

"விவசாயம் படித்துவிட்டு ஏர் பிடிக்கவா போகிறாய்?" என்று உறவுக்காரர்கள் கேலி செய்வது வழக்கம். கம்பெனி இண்டர்வியூவிலும் ஏறக்குறைய இதே கேள்விதான். கொஞ்சம் நாகரிகமாகக் கேட்பார்கள். நஷ்டம் கேட்பவருக்குத்தான் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. கிராமத்துக் கடன் அவற்றின் கடமையாயிற்று. பேரேடு எழுதத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள்; பயிரைத் தெரிந்தவர்கள்தான் வேண்டியிருந்தது. விவசாயப் பட்டதாரிகளுக்கு வங்கிக் கதவு திறந்தது அப்படித்தான்.

இரண்டு பேர் கடன் கேட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராமநகரம் பக்கத்துக்காரர் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். மண்டியாக்காரருக்குக் கரும்பு. புழு ஏறக்குறைய ஒரு மாதத்தில் கூடு கட்டிவிடும். தண்ணீர் வசதி இருந்தால் வருஷத்தில் நாலைந்து முறை கூட்டை விற்றுப் பணம் பார்க்கலாம். கரும்பு வெட்டவோ ஒரு வருஷம் போல ஆகும். இருவருக்கும் ஒரே தவணைத் தேதி போட்டால் என்ன ஆகும்? கரும்பு நிலத்தில் நிற்கும்போதே வீட்டுக்கு நோட்டீஸ் வரும். அதைக் கட்ட அவர் வட்டிக்காரரிடம் ஓடுவார். மனைவியின் நகை அடகுக்குப் போகும். ஊரில் காணியை விட்டுவிட்டு பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர் பலருக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் தவணை தவறினால்தான் வராக்கடன் என்பது ரிசர்வ் வங்கி விதி. பருவமே தெரியாதவர் இந்த விதியை எப்படி நடத்துவார்?

படிப்பும் வெறும் புத்தகப் படிப்பல்ல. நாலு வருஷத்தில் கடைசி வருஷம் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு வேலை செய்தாக வேண்டும். கோயம்புத்தூர் மாணவரானாலும் சரி, இங்குள்ள ஜி.கே.வி.கே. மாணவரானாலும் சரி, தப்ப முடியாது. வெயிலும் பழகும், வசவும் பழகும்!

வங்கிகள் கண்டுகொண்டதைப் பயிர் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும், காய்கறி கொள்முதல் செய்யும் பெரிய கடைகளும் யோசிக்கலாம். அழுகிய தக்காளிக்கு ஆகும் செலவைவிட ஒரு பட்டதாரியின் சம்பளம் அதிகமாக இராது.

ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில் விவசாயக் கள அதிகாரி என்று தனிப் பதவியே உண்டு. தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம் ஆகியவற்றில் நாலு வருஷப் பட்டம் பெற்றவர்களும் எழுதலாம். வயது 20 முதல் 30 வரை, எஸ்.சி., எஸ்.டி., பிற்படுத்தப்பட்டோருக்குத் தளர்வு உண்டு.