கடலுக்கு ஏது வேலி?

நிலத்திலே எல்லைக்கல் நடலாம், முள்வேலி இடலாம். கடலுக்கு ஏது வேலி? வரைபடத்தில் நாடுகள் இழுத்த கோடுகளை அலைகள் அறியா. ஆயினும் அக்கோடுகளை நன்கறிந்து, அவற்றையே தமக்கு அரணாக்கிக் கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. அவர்களே கடற்கொள்ளையர்!

மலாக்கா நீரிணையை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவு, மறுபுறம் மலேசியா, தென்கோடியில் சிங்கப்பூர். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ள இந்நீர்வழி, சிங்கப்பூரை அடுத்து 3 கிலோமீட்டருக்கும் குறைவாக ஒடுங்கி விடுகிறது. அங்கே மெல்லச் செல்லும் கப்பலில், இருளில் விரைவுப் படகில் வந்து தொற்றி ஏறுவது கொள்ளையர்க்கு அரிதன்று. பறிபோனது பொருள் மட்டுமன்று. பணயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட மாலுமிகளும் உண்டு. கரையிலே காத்திருந்த அவர்தம் மனைவி மக்களின் துயரை எந்தக் கணக்கில் எழுதுவது?

துரத்திப் பிடிக்கலாகாதா எனக் கேட்பீர்கள். 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின்படி, தப்பியோடும் படகு வேறொரு நாட்டின் ஆட்சிக்கடலுள் நுழைந்துவிட்டால், துரத்தும் உரிமை அங்கேயே முடிந்துவிடும். குறுகிய நீரிணையிலோ, எல்லை தாண்டச் சில நிமிடங்களே போதும்!

அப்படியானால் வழி என்ன? கப்பல் எல்லை தாண்டலாகாது, செய்தி தாண்டலாமன்றோ? 2004 ஜூலையில் மூன்று நாடுகளும் ஒருங்கிணைந்த சுற்றுக்காவலைத் தொடங்கின. அவரவர் கடலை அவரவரே காத்தனர்; தப்பியோடும் படகைப் பற்றிய தகவலோ அடுத்த நாட்டுக்கு உடனே சென்றது. 2005 செப்டம்பரில் 'வானத்துக் கண்கள்' என்னும் விமானக் கண்காணிப்பு தொடங்கிற்று. ஒரு நாட்டின் விமானத்திலே பிற நாட்டு அதிகாரிகளும் உடன் பறந்தனர். 2008-இல் தாய்லாந்தும் இணைந்தது. 2009-இல் சிங்கப்பூரில் தகவல் ஒருங்கிணைப்பு மையம் எழுந்தது. 2018 டிசம்பரில் இந்தியாவும் குருகிராமில் அத்தகைய மையமொன்றை நிறுவியது.

பயன் விளைந்ததா? 2005 ஜூனில் இந்நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்த இலண்டன் காப்பீட்டாளர் குழு, 2006 ஆகஸ்டில் அதனை நீக்கிவிட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும், 2005-இல் ஆச்சே மாநிலத்தில் மலர்ந்த அமைதியும் இதற்குத் துணை நின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை.

இவ்வளவு எளிய வழிக்கு ஏன் இத்தனை தயக்கம்? காரணம் உண்டு. தன் ராடார் கண்டதைச் சொல்லும் நாடு, அதற்கு எட்டாதது எது என்பதையும் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது. அயலானிடம் தன் பலவீனத்தைக் காட்ட எவர்தாம் விரும்புவர்? ஆகவே இங்குத் தேவைப்படுவது கருவியைவிட நம்பிக்கையே.

கருவிக்கும் எல்லையுண்டு. பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தம் அடையாளத்தைத் தாமே அறிவிக்கும் கருவியைக் கொண்டிருத்தல் வேண்டும். சிறு படகுகளுக்கு அவ்விதி பொருந்தாது. கொள்ளையர் வருவதோ சிறு படகில்! அண்மை ஆண்டுகளில் சிங்கப்பூர் நீரிணையில் திருட்டுகள் மீண்டும் பெருகியுள்ளன. காவல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று.

தெருவிலே திருடன் புகுந்தால், தன் வீட்டுக் கதவை மட்டும் தாழிட்டுக்கொண்டு உறங்குபவன் அறிவாளியா? அடுத்த வீட்டாரைக் கூவி எழுப்புபவன் அறிவாளியா? வீட்டுக்குப் பொருந்தும் இந்நீதி நாட்டுக்கும் பொருந்தும். கண்டதைக் காலத்தில் சொல்லும் அயலானே கடலுக்கு வேலி!