வாயால் 'சிறுநீர்' கழிக்கும் சூப்பு ஆமை

சிங்கப்பூர் சைனாடவுன் ஈரச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். மீன், தவளைகளுக்கு நடுவே தொட்டிகளில் தட்டையான ஆமைகள் கிடந்ததுண்டு. குழாய் போல நீண்ட மூக்கு, தோல் போர்த்த ஓடு. தொட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள், நன்றாகவே கடிக்கும்! இதுதான் சீன மென்னோட்டு ஆமை.

அந்தச் சந்தையில் வாங்கிய ஆமைகளை வைத்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ல் வியப்பான ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஆமைகளைத் தண்ணீர் இல்லாத இடத்தில் நகரவிடாமல் வைத்து, முன்னால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் வைத்தார்கள். ஆமைகள் அவ்வப்போது தலையை நீருக்குள் நுழைத்தன. சில வேளைகளில் 100 நிமிடம் வரை அப்படியே இருந்தன. பிறகு அந்த நீரைச் சோதித்தால், அதில் யூரியா! நம் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் அதே கழிவுதான். வால் பக்கம் வெளியேறியதைவிட வாய்வழியே 15 முதல் 49 மடங்கு அதிகமாக யூரியா வெளியேறியது.

எதற்கு இந்த ஏற்பாடு? இந்த ஆமை உவர்நீரிலும் வாழும். சிறுநீராகக் கழிக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். உவர்நீரைக் குடித்தால் உப்பும் உள்ளே போகும். வாய் கொப்பளிக்கக் குடிக்க வேண்டியதில்லையே! தொண்டைக்குள் செவுள் போல இருக்கும் மெல்லிய இழைகள், அதே நேரத்தில் நீரிலிருந்து உயிர்வாயுவையும் எடுத்துக்கொள்கின்றன.

இனி சூப்புக்கு வருவோம். இதன் முதுகோட்டைச் சீன மருத்துவம் 'பியே ஜியா' என்கிறது. உடலின் 'யின்' ஆற்றலை வளர்க்கும், சூட்டைத் தணிக்கும் என்று மூலிகைகளோடு கொதிக்கவைத்துக் கொடுப்பார்கள். வேதியியல்படி பார்த்தால் ஓடு என்பது எலும்பு: கால்சியமும் கொலாஜன் புரதமும். அந்தப் புரதத்தையும் நம் குடல் கோழிக்கறியைப் போலவே அமினோ அமிலங்களாக உடைத்துவிடும்.

ருசிக்காகக் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால், வலு வரும் என்று பச்சையாக உண்பது வேறு கதை. 2008ல் தைவானில் மென்னோட்டு ஆமையைச் சமைக்காமல் உண்டவர்களின் தசைகளில் டிரிக்கினெல்லா என்னும் புழு புகுந்து நோய் தந்தது. நன்றாகக் கொதித்த சூப்பில் அது பிழைக்காது.

சீனப் பண்ணைகள் இந்த ஆமைகளை ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் விற்கின்றன. ஆனாலும் இயற்கையில் இது அழியக்கூடிய நிலையிலுள்ள இனம். ஆற்றில் பிடித்த ஆமைக்கே மருந்துக் குணம் அதிகம் என்ற நம்பிக்கை அதற்கொரு காரணம். மலேசிய ஆறுகளில் வாழும் 'லாபி-லாபி' என்னும் உறவுக்கார ஆமையையும் இறைச்சிக்காகப் பிடிக்கிறார்கள். அதன் அனைத்துலக வணிகம் 2005 முதல் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கிண்ணத்தில் கிடப்பது பண்ணையில் வளர்ந்ததா, ஆற்றில் பிடித்ததா என்று பார்த்துச் சொல்ல உங்களால் முடியாது. வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.